அம்மாவின் ஐ-94 முடியப்போகிறது, அப்பா போன பதிவையே காணோம்: என்ன செய்வது?

நியூஜெர்சியிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன். கணவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார், இவர் அவரைச் சார்ந்து வந்தவருக்கான எச்-4 விசாவில். தலைப்பிரசவம் பார்க்க அம்மாவும் அப்பாவும் ஜனவரி கடைசியில் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். இருவரிடமும் பத்து வருட பி-2 (சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கான) விசா, 2031 வரை செல்லும். விமான நிலையத்தில் ஜூலை 24 வரை தங்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள், அந்தத் தேதி இருக்கும் பதிவுதான் ஐ-94. குழந்தை எட்டாம் மாதமே பிறந்து, சில வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, இப்போதுதான் வீட்டுக்கு வந்து எடை ஏறத் தொடங்கியிருக்கிறது. அதனால் அம்மா அக்டோபர் நடு வரையாவது கூட இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறார். அப்பா மே மாதமே கிளம்பிவிட்டார். நேராக ஊருக்குப் போகாமல், அத்தை மகனோடு காரில் பஃபலோ வழியாகக் கனடாவுக்குள் போய், ஸ்கார்பரோவில் தன் தங்கை வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு, டொரண்டோவில் விமானம் ஏறிச் சென்னை போய்ச் சேர்ந்திருக்கிறார்.

போன வாரம் எதேச்சையாக ஐ-94 தளத்தில் அப்பாவின் விவரத்தைப் போட்டுப் பார்த்தால், ஜனவரியில் வந்தது இருக்கிறது, போனது இல்லை. கணவரின் நண்பர் ஒருவர், "ஜூலை 25 காலையில் கம்ப்யூட்டர் உங்கள் அப்பாவை ஓவர்ஸ்டே (அனுமதிக்கு மேல் தங்கியவர்கள்) லிஸ்டில் போட்டுவிடும், விசா காலி" என்று சொல்லி வயிற்றில் புளியைக் கரைத்திருக்கிறார். அதே நண்பர் அம்மா விஷயத்தில் மட்டும் ரொம்ப தைரியமாகப் பேசுகிறார்: விசாதான் 2031 வரை இருக்கிறதே; இல்லாவிட்டால் ஒரு நாள் நயாகரா வழியாகக் கனடா போய்த் திரும்பினால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும்; அதுவும் வேண்டாம் என்றால் சும்மா இருந்துவிட்டு அக்டோபரில் போகட்டும், இந்த நாட்டில் வெளியே போகிறவர்களைச் சோதிக்கக் கவுண்டரே கிடையாதே, யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார். புதிதாக வந்திருக்கும் முகப் புகைப்படச் சட்டம் அம்மாவை என்ன செய்யும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பட்டது இதுதான். நீங்கள் பயப்படுவது அப்பாவை நினைத்து, ஆனால் ஆபத்து இருப்பது அம்மாவின் பக்கம். அப்பா எந்தச் சட்டத்தையும் மீறவில்லை, அவருக்கு வேண்டியதெல்லாம் ஆதாரம். அம்மாவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, அதற்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். குழந்தையையும் பார்த்துக்கொண்டு இதையும் சுமப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிகிறது, அதனால் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

விசாத் தேதி வேறு, தங்கும் தேதி வேறு

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, அமெரிக்க எல்லை வரை வந்து "என்னை உள்ளே விடுங்கள்" என்று கேட்பதற்கான அனுமதி மட்டும்தான். 2031 என்பது அப்படிக் கேட்பதற்கான கடைசித் தேதி. உள்ளே வந்த பிறகு எத்தனை நாள் இருக்கலாம் என்பதை முடிவு செய்பவர் விமான நிலையத்தில் பார்த்த எல்லை அதிகாரி, அவர் எழுதும் பதிவுதான் ஐ-94. பி-2வில் வருபவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம் கொடுப்பார்கள். பாஸ்போர்ட் அதற்கு முன்பே காலாவதியாகிறது என்றால் தேதியைக் குறைத்துவிடுவதும் உண்டு, அதனால் யார் வந்தாலும் வந்து இறங்கிய அன்றே தளத்தில் தேதியைப் பார்த்து ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். முன்பு பாஸ்போர்ட்டில் ஸ்டேப்லர் பின் போட்டுக் கொடுத்த அந்த வெள்ளை அட்டை, விமானத்தில் வருபவர்களுக்கு 2013லேயே நின்றுவிட்டது. இப்போது எல்லாம் கணினியில்தான், சில விமான நிலையங்களில் முத்திரைகூடக் குத்துவதில்லை.

ஜூலை 24க்கு மேல் அனுமதியில்லாமல் ஒரே ஒரு நாள் இருந்தாலும், அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 222(ஜி) பிரிவுப்படி 2031 வரை செல்லும் அந்த விசா தானாகவே செல்லாததாகிவிடும். யாரும் கடிதம் போட மாட்டார்கள், விசாவின் மேல் "ரத்து" என்று குத்த மாட்டார்கள். அடுத்த தடவை வந்து இறங்கும்போதுதான் தெரியும். அதன் பிறகு புது விசாவுக்குச் சொந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும், அந்தப் படிவத்தில் "அனுமதித்த காலத்துக்கு மேல் எப்போதாவது தங்கியிருக்கிறீர்களா" என்று ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு ஆமாம் என்றுதான் பதில் போட வேண்டும். தாமதம் 180 நாளைத் தாண்டி ஒரு வருடத்துக்குள் கிளம்பினால் மூன்று வருடம் நுழையத் தடை, ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடம். உங்கள் அம்மாவின் விஷயத்தில் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் "180 நாள் வரை ஒன்றும் ஆகாது" என்று பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். 180 நாள் கணக்கு வருவது தடைக்கு. விசா போவதற்கு ஒரு நாள் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கடிதத்தில் ஓரமாகக் கேட்டிருக்கிறீர்கள். குழந்தை பிறப்பால் அமெரிக்கக் குடிமகள் என்பது பாட்டிக்கு எந்த உரிமையும் தராது. பிள்ளை தன் பெற்றோருக்கு விண்ணப்பிக்கவே 21 வயதாக வேண்டும். பேத்தி பாட்டிக்கு விண்ணப்பிக்கும் வழி சட்டத்தில் இல்லவே இல்லை.

"வெளியே போனால் யாருக்குத் தெரியும்?"

இந்தப் பேச்சு ஒரு காலத்தில் பாதி உண்மையாக இருந்தது, அதனால்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னையில் கிளம்பும்போது குடியேற்ற அதிகாரி முன்னால் நின்று முத்திரை வாங்குகிறோம், அமெரிக்காவில் அப்படி ஒரு கவுண்டர் கிடையாது. 1996ல் கொண்டுவந்த குடிவரவுச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, வருகிற போகிற ஒவ்வொரு வெளிநாட்டவரையும் கணினியில் பதிந்து பொருத்திப் பார்க்கும் அமைப்பை இரண்டே வருடத்தில் உருவாக்கச் சொன்னது. கனடா எல்லையோர ஊர்களும் வியாபாரிகளும் பாலங்களில் வண்டிகள் மைல் கணக்கில் நிற்கும் என்று எதிர்த்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. 2000ல் சட்டத்தைத் திருத்தி, புதிதாக எதையும் கேட்காமல் ஏற்கெனவே கையில் இருக்கும் தகவல்களை ஒருங்கிணைத்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அதற்கு அடுத்த வருடம் செப்டம்பர் 11 தாக்குதல். அதன் பிறகு 2002, 2004, 2007 என்று அடுத்தடுத்து வந்த சட்டங்கள், கைரேகை, முகம் என்று உடல் அடையாளத்தோடு பதிய வேண்டும் என்று இறுக்கிக்கொண்டே போயின. உள்ளே வரும்போது கைரேகையும் புகைப்படமும் எடுப்பது 2004ல் விமான நிலையங்களில் தொடங்கிவிட்டது. வெளியே போகும்போது எடுப்பதுதான் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருந்தது.

கவுண்டர் இல்லை என்பதால் பதிவும் இல்லை என்று நினைப்பதுதான் தப்பு. விமான நிறுவனங்கள் கதவை மூடுவதற்கு முன்பே பயணிகள் பட்டியலை, பாஸ்போர்ட் எண்ணோடு, அமெரிக்க எல்லைக் காவல் துறைக்கு அனுப்பியாக வேண்டும். அதை ஐ-94 பதிவோடு பொருத்திப் பார்த்துத்தான் யார் போனார்கள், யார் போகவில்லை என்று தெரிந்துகொள்கிறார்கள். ஓவர்ஸ்டே பற்றி ஒவ்வொரு நிதியாண்டுக்கும் நாடுவாரியாக நாடாளுமன்றத்துக்கு அறிக்கையும் போகிறது. 2025 ஜூனில் சில நாட்டவர்களுக்கு நுழைவைத் தடுத்தும் கட்டுப்படுத்தியும் வந்த அதிபர் பிரகடனம், பல நாடுகளுக்கு அந்த அறிக்கையின் விகிதங்களையே காரணமாகக் காட்டியது. அதில் இந்தியா இல்லை. ஆனாலும் அந்த எண்களை இப்போது எவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

தரைவழிதான் மிச்சமிருந்த ஓட்டை. அதைக் கனடாவோடு சேர்ந்து அடைத்தார்கள். 2011ல் இரு நாடுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, 2013லிருந்து மூன்றாம் நாட்டவர்களின், அதாவது இரு நாட்டுக்கும் குடிமக்கள் அல்லாதவர்களின், விவரங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். எல்லைப் பாலத்தைத் தாண்டிக் கனடாச் சாவடியில் பாஸ்போர்ட்டைக் காட்டும்போது அங்கே பதிவாகும் வருகையே, இந்தப் பக்கம் அமெரிக்காவை விட்டுப் போன பதிவாகிவிடும். 2018 டிசம்பரில் கனடா தன் சுங்கச் சட்டத்தைத் திருத்தி இதைத் தன் குடிமக்களுக்கும் விரிவாக்கியது, அப்புறம் விமானத்தில் கிளம்புபவர்களின் விவரத்தையும் விமான நிறுவனங்களிடமிருந்து வாங்கத் தொடங்கியது. ஆக, உங்கள் அப்பா பாலத்தைத் தாண்டியது கனடாவிடம் நிச்சயம் இருக்கும், டொரண்டோவில் விமானம் ஏறியதும் இருக்கும்.

பிறகு ஏன் தளத்தில் இல்லை?

இதற்குப் பதில் பெரும்பாலும் நம் பெயர்களில் இருக்கிறது. உங்கள் அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம் அப்பாக்கள் தலைமுறையில் இது சகஜம், இனிஷியலோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். அமெரிக்க விசாவில், இருக்கும் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் கட்டத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று மூன்று எழுத்து போடுவார்கள். கனடா தன் விசாவிலும் கணினியிலும் அதையே வேறு மாதிரி பதிந்திருக்கலாம். ஒரே மனிதர், இரண்டு நாட்டுப் பதிவேட்டில் இரண்டு மாதிரிப் பெயர், பொருத்தும்போது தவறிவிடுகிறது. நீங்கள் தேடிய விதத்திலேயே கோளாறு இருக்கலாம், அதனால் தளத்தில் மறுபடி தேடுங்கள். விசாவில் இருக்கிறபடி எஃப்என்யூவோடு ஒரு முறை, பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி ஒரு முறை, முதல் பெயரையும் குடும்பப் பெயரையும் மாற்றிப் போட்டு ஒரு முறை. கடைசியாக வந்த ஐ-94ஐக் காட்டும் பக்கம் வேறு, பயண வரலாறு காட்டும் பக்கம் வேறு. போன தேதி இருந்தால் இரண்டாவதில்தான் இருக்கும்.

அப்படியும் கிடைக்கவில்லை என்றாலும் பதற வேண்டாம். அந்தப் பயண வரலாறு சட்டப்படியான அதிகாரபூர்வப் பதிவு அல்ல என்று தளத்திலேயே எழுதியிருக்கிறது. அதில் இல்லாததால் அப்பா ஓவர்ஸ்டே ஆகிவிட மாட்டார். அவர் மே மாதமே போய்விட்டார், அதுதான் நடந்தது. நண்பர் சொன்னதில் ஒரு பாதி மட்டும் சரி. பொருந்தாத பதிவுகளைக் கணினி சந்தேகப் பட்டியலில் தூக்கிப் போடும். அடுத்த முறை அப்பா வந்து இறங்கும்போது அதிகாரி உள் அறைக்கு அனுப்பி, "போன தடவை எப்போது கிளம்பினீர்கள்" என்று கேட்கலாம். அப்போது அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அப்பாவுடையது, அதிகாரியுடையது அல்ல.

அதனால் இந்த வாரமே அப்பாவுக்குப் போன் போட்டு இவற்றை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சென்னையில் இறங்கியபோது பாஸ்போர்ட்டில் குத்திய வருகை முத்திரைதான் எல்லாவற்றிலும் வலுவானது, ஜூலை 24க்கு முன்பே அவர் இந்தியாவில் இருந்தார் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். டொரண்டோ–சென்னை போர்டிங் பாஸ், இல்லையென்றால் விமான நிறுவனத்திடமிருந்து பயணம் செய்ததற்கான சான்று. தரைச் சாவடியில் கனடா அதிகாரிகள் எல்லோருக்கும் முத்திரை குத்துவதில்லை, அதனால் அது இல்லாவிட்டால் கவலைப்படாதீர்கள், கனடா எல்லைச் சேவை முகமையிடம் விண்ணப்பித்து அவருடைய பயண வரலாற்றை வாங்க முடியும். ஊருக்குப் போன பிறகு வங்கியில் பணம் எடுத்தது, மருத்துவரைப் பார்த்தது என்று தேதி போட்ட காகிதம் எது இருந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம். இவ்வளவும் சேர்ந்தால் ஒரு மெல்லிய ஃபைல். அடுத்த பயணத்தில் அது கைப்பையில் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போட்டுவிடக் கூடாது.

இப்போதே பதிவைத் திருத்த வேண்டும் என்றால், அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் டிரிப் என்ற குறைதீர்ப்புத் திட்டத்தில் இணையத்திலேயே முறையிடலாம், கட்டணம் கிடையாது. ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்றி, நடந்ததை நாலு வரியில் எழுதினால் போதும். உங்கள் நிலையில் இருந்தால் நான் இதைச் செய்துவிடுவேன். அப்பா அடுத்த வருடம் வரப்போவதில்லை என்றாலும், ஆதாரம் கையில் புதிதாக இருக்கும்போது முடித்துவிடுவது நல்லது. மூன்று வருடம் கழித்து அந்த போர்டிங் பாஸைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அம்மா: நயாகரா போய்த் திரும்புவது

இதை மட்டும் செய்யாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்குள் போய்த் திரும்புகிறவர்களை, கையில் ஐ-94 காலம் மிச்சமிருந்தால், அதே ஐ-94லேயே உள்ளே விடுவதுதான் வழக்கம். ஜூலை 24 அப்படியே ஜூலை 24ஆகவே இருக்கும். புதிதாக ஆறு மாதம் கொடுக்க அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது, கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆறு மாதம் முடியும் தறுவாயில் ஒரு நாள் வெளியே போய்த் திரும்பி வரும் ஒருவரைப் பார்த்தால், இவர் சுற்றிப் பார்க்க வந்தவரா, இங்கேயே குடியிருக்கப் பார்க்கிறவரா என்ற கேள்வி அவருக்கு எழத்தான் செய்யும். பாலத்தின் இந்த முனையில் அம்மாவைத் தனியாக உள்ளே கூப்பிட்டு, ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு, விசாவை ரத்து செய்து திருப்பி அனுப்பினால், கையில் ஒரு பையோடு அவர் கனடாவில் நிற்பார், நீங்கள் குழந்தையோடு இந்தப் பக்கம். தவிர, அவருக்குக் கனடா விசா இருக்கிறதா என்றே நீங்கள் எழுதவில்லை.

இன்னும் மோசமானது, அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்புவது. அதிகாரியிடம் முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னது என்று பதிவானால், அதற்கான நுழைவுத் தடைக்குக் காலக்கெடுவே கிடையாது. ஓவர்ஸ்டேக்கு மூன்று வருடம், பத்து வருடம் என்றாவது ஓர் எல்லை இருக்கிறது.

அப்படியானால் என்னதான் வழி?

நேர்மையான வழிகள் மூன்று. ஒன்று, அம்மா 24ஆம் தேதிக்கு முன்பே கிளம்பிவிட்டு, சில மாதம் கழித்து மறுபடி வருவது. "ஆறு மாதம் இருந்தால் ஆறு மாதம் வெளியே இருக்க வேண்டும்" என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் ஊரில் இருக்கும் நாட்களைவிட இங்கே இருக்கும் நாட்கள் கூடிக்கொண்டே போனால் அதிகாரிகள் கேட்பார்கள், அதனால் நல்ல இடைவெளி விடுவது புத்திசாலித்தனம். இரண்டாவது, நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது, அம்மா போனதும் மாமியார் வருவது. உங்கள் மாமியாரிடமும் விசா இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், பிறகு ஏன் அதை ஒரு வழியாகவே எண்ணவில்லை என்று தெரியவில்லை. வீட்டுக்குள் வேறு காரணங்கள் இருக்கலாம், அதில் நான் தலையிடவில்லை. சட்டத்தின் பார்வையில் இதுதான் சிக்கலே இல்லாத வழி.

மூன்றாவது, ஐ-539 படிவம் போட்டுத் தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்பது. முடியும் தேதிக்கு 45 நாள் முன்பே போடச் சொல்வார்கள், அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ஆனாலும் ஜூலை 24க்குள் குடிவரவுத் துறையின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அது காலத்தோடு போட்ட விண்ணப்பம்தான். தபாலில் அனுப்பிவிட்டு வழியில் தங்கிவிட்டதோ என்று தவிக்க வேண்டாம், இணையத்தில் போடுங்கள், ரசீது எண்ணும் உடனே கிடைக்கும். 2024 ஏப்ரலில் வந்த கட்டண விகிதப்படி இணையத்தில் 420 டாலர், போடுகிற அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணக்கும் விண்ணப்பமும் அம்மாவின் பெயரில் இருக்க வேண்டும், உங்கள் பெயரில் அல்ல. ஐ-94 பிரதி, பாஸ்போர்ட், செலவுக்கு வழி இருப்பதற்கான வங்கி விவரம், அக்டோபர் நடுவில் திரும்பும் டிக்கெட், ஊரில் வீடு இருப்பதற்கும் அப்பா அங்கே இருப்பதற்கும் ஏதாவது காகிதம், எல்லாவற்றுக்கும் மேலாகக் காரணம் சொல்லும் கடிதம்.

அந்தக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கும் சறுக்குவது இங்கேதான். பி-2 என்பது குடும்பத்தோடு இருந்துவிட்டுப் போகும் விசா. மகள் பிரசவத்தில் அம்மா கூட இருப்பது அதற்குள் இயல்பாக அடங்கும். ஆனால் "நான் வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அதனால் அம்மா வேண்டும்" என்று எழுதினால், சம்பளம் கொடுத்து வைக்க வேண்டிய ஆளுக்குப் பதிலாக அம்மாவை வைத்துக்கொள்கிறீர்கள் என்று அதிகாரி படிப்பார், சம்பளம் வாங்காத பாட்டி என்று வாதாடினாலும் எடுபடாமல் போகலாம். இதைச் சொல்வதால், வேலைக்குத் திரும்புவதுதான் உண்மைக் காரணம் என்றால் அதை மறைத்து வேறு எழுதுங்கள் என்று அர்த்தமல்ல. அப்படியானால் இந்த விண்ணப்பமே வேண்டாம், மாமியார் வழியைப் பாருங்கள். நீங்கள் கடிதத்தில் எழுதியிருப்பதுபோல, குறைப்பிரசவம், குழந்தைக்கு அக்டோபர் வரை தொடர் பரிசோதனைகள், உங்கள் உடம்பு இன்னும் தேறவில்லை, இந்த நேரத்தில் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் உண்மை என்றால், அதை அப்படியே எழுதுங்கள். குழந்தை மருத்துவரிடமும் உங்கள் மருத்துவரிடமும் தேதிகளோடு ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். அம்மாவின் குரலில், ஒரு பக்கத்துக்குள், அக்டோபர் 15 என்று குறிப்பான தேதியோடு. "கூடுமானவரை அதிக காலம்" என்று கேட்டுவிடாதீர்கள்.

இனி ஆபத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும், அக்டோபர் 15க்கு முன்பு வராமலேகூடப் போகலாம். காலத்தோடு ஒழுங்காகப் போட்ட விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் நாட்களை, நான் முன்பு சொன்ன 180 நாள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் நிராகரித்துவிட்டால் ஜூலை 24க்குப் பிறகு அவருக்கு அனுமதியே இல்லை என்றாகி, விசா செல்லாததாகிவிடும் ஆபத்து உண்டு, அந்தக் கணக்கும் மறுநாளே ஓடத் தொடங்கும். அதனால் நிராகரிப்பு வந்தால் கிடைக்கிற முதல் விமானத்தில் கிளம்ப வேண்டும், மேல்முறையீடு அது இது என்று யோசித்துக்கொண்டு உட்கார நேரமில்லை. முடிவு வரவில்லை என்றாலும் அக்டோபர் 15க்குள் கிளம்பிவிட வேண்டும். "இன்னும் பதில் வரவில்லையே, இருக்கலாமே" என்று டிசம்பர் வரை இழுப்பவர்களைப் பார்த்து நொந்திருக்கிறேன். நடுவில் ஒரு நாள் கனடா போனாலும் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்ளக்கூடும், அதுவும் கூடாது. போகும்போது ரசீதும் அனுப்பிய விண்ணப்பத்தின் முழுப் பிரதியும் அம்மாவோடு ஊருக்குப் போகட்டும். அடுத்த முறை எல்லையிலோ தூதரகத்திலோ, ஜூலைக்கு மேல் ஏன் இருந்தீர்கள் என்று கேட்டால் காட்ட வேண்டியது அதைத்தான்.

என் அபிப்பிராயம் கேட்டால், மருத்துவர்கள் அப்படி ஒரு கடிதம் கொடுப்பார்கள் என்றால் நீட்டிப்புக்குப் போடலாம், இந்த மாதிரிக் காரணத்துக்காகத்தான் அந்த ஏற்பாடே இருக்கிறது. அவர்கள் தயங்கினால், 24ஆம் தேதிக்கு முன்பே அம்மாவை அனுப்பி வைத்துவிடுங்கள். பன்னிரண்டு வாரத்துக்காக இன்னும் ஐந்து வருடம் செல்லும் விசாவைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, அந்தக் குழந்தை வளர வளரப் பாட்டி இன்னும் பல தடவை வர வேண்டியிருக்கும்.

புகைப்படச் சட்டம்

2025 டிசம்பர் 26 முதல் நடைமுறைக்கு வந்த விதி இது. அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத எல்லோரையும், வரும்போது மட்டுமல்லாமல் போகும்போதும் முகப் படம் எடுக்கலாம் என்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் இதில் அடக்கம். முன்பு 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 79 வயதைத் தாண்டியவர்களுக்கும் இருந்த விலக்கை எடுத்துவிட்டார்கள். குடிமக்கள் வேண்டாம் என்று மறுத்து, பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுப் போகலாம். அம்மாவுக்கு அந்த உரிமை இல்லை. படத்தை 75 வருடம் வரை வைத்திருப்பார்கள். இவ்வளவு நீண்ட காலம் எதற்கு என்ற கேள்வி எனக்கும் உண்டு, ஒரு பாட்டியின் முகம் அரசாங்கக் கணினியில் அவ்வளவு நாள் கிடக்க வேண்டுமா என்று தனியுரிமைக்காகப் போராடுகிறவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை இது பயப்பட வேண்டிய விஷயம் அல்ல. விமானத்தில் ஏறும் இடத்தில் ஒரு கேமரா முன் ஒரு நொடி நிற்பார், அவ்வளவுதான். பெயர் எப்படி எழுதியிருந்தாலும் முகம் பொருந்திவிடுவதால், அப்பாவுக்கு வந்த சிக்கல் அம்மாவுக்கு வர வாய்ப்பு குறைவு. அவரை நேராக நூவர்க்கிலிருந்தோ ஜேஎஃப்கேயிலிருந்தோ விமானத்தில் அனுப்புங்கள், அத்தை எவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டாலும் இந்த முறை ஸ்கார்பரோ வழியாக வேண்டாம்.

இந்த வாரம் மருத்துவர்களிடம் கடிதம் கேளுங்கள், கூடவே அப்பாவுக்குப் போன் போட்டுவிடுங்கள். அடுத்த வாரம் ஐ-539ஐ ஏற்றிவிடுங்கள், கடைசி நாள் வரை வைத்திருக்க வேண்டாம், தளம் சில சமயம் பாதியில் நின்றுவிடும். அனுப்புவதற்கு முன் அம்மாவின் கடிதத்தை உங்கள் ஊரில் உரிமம் பெற்ற குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்தாவது காட்டிவிடுங்கள். நான் இங்கே உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துப் பேசுகிறேன், அவர் பாஸ்போர்ட்டையும் பழைய பயணங்களையும் கையில் வைத்துப் பார்த்துச் சொல்வார்.